வெட்டிவேர் கட்டிய கார்

எங்கள் வீட்டு வாசலில் நின்ற அந்தக் காரைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்கு இன்றைக்கும் அலுப்புத்தான் வரும். ஏர்கண்டிஷன் வைத்த கார் என்று தென்காசியே வாயைப் பிளந்து பார்த்தது உண்மைதான். உள்ளே உட்கார்ந்து வெந்தவர்கள் நாங்கள். எங்களை யார் கேட்டார்கள்?

கார் மாமாவுடையது. அத்தையின் வீட்டுக்காரர். கல்யாணமான சூட்டோடு பினாங்குக்குக் கப்பலேறியவர், பல வருஷம் கழித்து அந்தக் காரோடு வந்து இறங்கினார். அதுவரை அத்தை தன் அண்ணன் வீட்டில், அதாவது எங்களோடுதான் இருந்தாள். காரை விற்று, அந்தப் பணத்தோடு தான் மட்டும் திரும்பிப் போய் பினாங்கில் சொந்தமாகக் கடை போடுவதென்பது மாமாவின் திட்டம். விற்காவிட்டால் பினாங்கும் கிடையாது, கடையும் கிடையாது, அப்பாவின் அரிசிக் கடையில் மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார வேண்டியதுதான். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், எட்டு வயசான எனக்கும் தெரியும்.

செங்கோட்டைக்கு மேலே ரப்பர் தோட்டம் வைத்திருந்த ஒரு மலையாளத்து முதலாளி வாங்குவதாகச் சொல்லியிருந்தார். அவர் மனைவிக்கு வெக்கை ஆகாதாம். "சாரல் விழுந்தா குற்றாலத்துல மாட்டுவண்டியும் ஏர்கண்டிஷன்தான். வெயில் இருக்கும்போதே எனக்கு ஓட்டிக் காமிக்கணும், கேட்டோ" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

அவர் பார்க்க வருவதற்கு முந்தின நாள் அத்தை ஒரு காரியம் செய்தாள். ஜன்னலுக்கு வாங்கிய வெட்டிவேர்த் தட்டியை அளவாக வெட்டி, ஓரம் தைத்து, காரின் முகப்பில் பல்வரிசை மாதிரி இருந்த கம்பிகளின் மேல் இறுக்கிக் கட்டித் தண்ணீர் தெளித்தாள். ஜன்னலில் கட்டினால் அறை குளிர்கிறதே, காரில் கட்டினால் கார் குளிராதா? எங்களுக்கெல்லாம் ஒரே மெச்சல். "பினாங்குல ஒரு பயலுக்கும் இந்த மூளை கெடையாது" என்று மாமா சொல்ல, அத்தைக்கு முகமெல்லாம் சிரிப்பு.

மறுநாள் முதலாளி ஏறி உட்கார்ந்தார். ரெண்டு மைல் போவதற்குள் உள்ளே அடித்த காற்று, அடுப்படியில் நிற்கிற மாதிரி ஆகிவிட்டது. சரியாக்கிக் கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அன்றைக்குப் பிடித்தது சனியன்.

ஒர்க்ஷாப்காரர் வந்தார். அவருடைய கரிக்கை பட்டுவிடக் கூடாதென்று அத்தை தட்டியை அவிழ்த்து உள்ளே கொண்டு போய்விட்டாள். அவர் பெல்ட்டை அழுத்திப் பார்த்தார், குழாய்களைத் தொட்டுப் பார்த்தார், உள்ளே உட்கார்ந்து பார்த்தார். "ஐஸா அடிக்குதே அண்ணாச்சி! என்ட்ட வெளையாடுதியளா?" என்று கோபித்துக்கொண்டு போனார். அத்தை தட்டியை நனைத்துத் திரும்பக் கட்டினாள். சாயங்காலம் குற்றாலம் வரை ஓட்டிப் பார்த்தால் பழையபடி அனல். திருநெல்வேலியிலிருந்து வந்த ஆளுக்கும் இதே கூத்துத்தான். கண்பட்டுவிட்டது என்று அம்மா பூசணிக்காய் சுற்றி உடைத்தாள். வெட்டிவேர் மேல் யாருக்குச் சந்தேகம் வரும்? சூடு கூடக்கூட இன்னும் ரெண்டு செம்பு தண்ணீர் தெளித்தோம்.

மாமா சோதிக்கிறேன் என்று தினமும் எங்களை ஏற்றிக்கொண்டு சுற்றினார். முன்சீட்டில் அவருக்கும் அத்தைக்கும் நடுவில் நான், பின்னால் அம்மா. கண்ணாடியை இறக்கவும் விடமாட்டார். "ஏட்டி, கண்ணாடியத் தொட்டியோ, கைய ஒடிச்சிருவேன்! ஏர்கண்டிஷன் கார்ல கண்ணாடிய எறக்கிட்டுப் போனா நாலு பேரு சிரிக்க மாட்டானா?" சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும், எனக்கு அழுகை முட்டும். அத்தை மட்டும், "எனக்கொண்ணும் வெக்கை தெரியலையே" என்பாள். அவள் நெற்றிக் குங்குமம் வேர்வையில் மூக்கு வரை இறங்கியிருக்கும். என்ன பொய் சொல்லுகிறாள் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

சாரலுக்கு அடையாளமாக மலையில் மேகம் இறங்க ஆரம்பித்துவிட்டது. மாமா ஓய்ந்துபோனார். எதற்கும் கடைசியாக ஒரு தடவை முதலாளியிடம் கெஞ்சிப் பார்ப்போம் என்று எங்களையும் ஏற்றிக்கொண்டு செங்கோட்டைக்குக் கிளம்பினார். இலத்தூர் விலக்கில் ரேடியேட்டர் கொதித்து ஆவி சீறியது. மாமா ஆத்திரத்தில் தட்டியைப் பிய்த்து ஓடையில் வீசினார். தண்ணீர் மொண்டு வந்து வைத்துக்கொண்டு, எஞ்சின் ஆறும் வரை தலையில் கைவைத்து ரோட்டோரம் உட்கார்ந்திருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

தண்ணீர் ஊற்றித் திரும்பக் கிளம்பிக் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, காற்று ஜில்லென்று முகத்தில் அடித்தது. மாமா வண்டியை நிறுத்தினார். இறங்கி முகப்புக் கம்பிகளுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏளா, இதுக்குப் பின்னால இருக்க கூடுதான் சூட்டை வெளிய தள்ளுது. காத்து பட்டாத்தான அது வேல செய்யும்? நாம மூக்கைப் பொத்தி வச்சிட்டு மூச்சு விடலையேன்னு வைத்தியம் பாத்திருக்கோம்! ஒர்க்ஷாப்காரன் வரும்போதெல்லாம் நீ அவுத்துவேற வச்சிருக்க!"

சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மாவும் சிரித்தாள். அத்தை மெதுவாகக் கேட்டாள்: "அத எடுத்துட்டு வந்து திரும்பக் கட்டிருவமா?"

"சரியான கோட்டிக்காரி!" என்று மாமா இன்னும் சத்தமாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். இவ்வளவு விளக்கிச் சொன்ன பிறகும் புரியவில்லையே இவளுக்கு!

செங்கோட்டை வரை காற்று பனியாகக் கொட்டியது. முகத்தைக் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டு நான் சுகமாக உட்கார்ந்திருந்தேன். மாமா பினாங்குக் கடைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டே ஓட்டினார். திரும்பிப் பார்த்தால், அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பாவமாகப் போயிற்று. கையெல்லாம் கிழியத் தைத்ததல்லவா, அதை ஓடையில் தூக்கிப் போட்டால் யாருக்குத்தான் வருத்தமிருக்காது?

"அழாத அத்தை. மாமா போறதுக்குள்ள வேற தட்டி வாங்கித் தரச் சொல்லுதேன்" என்று அவள் காதில் சொன்னேன்.

அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு அழுகை அடங்காமல் வந்தது. ஒரு வெட்டிவேர்த் தட்டி மேல் இத்தனை ஆசையா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.