ஒட்டிக்கொண்ட தட்டு

வீணா மஸ்கட்டுக்குக் கிளம்பியது 1997-இல், ஆயுத பூஜைக்கு முந்தின நாள் காலை. ஜீவனஹள்ளி சந்துக்குள் டாக்சி நுழைவதற்கு முன்பே அவள் அப்பா அப்பாதுரை வேலைக்குப் போய்விட்டார். பத்து மணிக்குத் திறக்கிற கடைக்கு ஏழு மணிக்கே போய், பூட்டிய ஷட்டர் முன்னால் நின்றார். கப்பல் ஏஜென்ட் ஆபீசில் டைப்பிஸ்ட் வேலைக்கு ஒரு பெண் தனியாகக் கடல் தாண்டிப் போவதா என்று தொடங்கிய சண்டை, பதினோரு நாளாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் நீண்டிருந்தது.

"அப்பா மூஞ்சியப் பாத்தா மறுபடியும் சண்டைதான்ம்மா," என்று அம்மா சின்னத்தாயியிடம் சொன்னாள் வீணா. "சொல்ல வேண்டியத கம்ப்யூட்டர்ல எழுதி வெச்சிருக்கேன். படிக்கச் சொல்லு."

ஒரு கம்பெனி கழித்துப்போட்ட சாமான்களைக் கொண்டு அப்பாதுரையே சேர்த்துச் செய்த கம்ப்யூட்டர் அது. அதற்குள் இருந்த ஹார்ட் டிஸ்க் 1991-இல் செய்தது. காக்ஸ் டவுனில் கஸ்தூரிரங்கனின் கடையில் டிஸ்க் ரிப்பேர் பார்க்கும் அப்பாதுரைக்கு அந்த வயது டிஸ்க்குகளின் குணம் நன்றாகத் தெரியும். உள்ளே சுழலும் தட்டின் மேல், தலைமுடித் தடிப்பில் பல்லாயிரத்தில் ஒரு பங்குக்கு எண்ணெய் பூசியிருப்பார்கள். தட்டு சுழலும்போது படிக்கிற முனை அதைத் தொடாமல் மிதக்கும். நின்றால் அதன் மேலேயே வந்து உட்காரும். வருஷக்கணக்கில் ஓடிய டிஸ்க்கில் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக அந்த முனையின் அடியில் சேர்ந்துவிடும். ஓடும்வரை தொந்தரவு இல்லை. நிறுத்தி வைத்தால், ஈரமான இரண்டு கண்ணாடிகளைச் சேர்த்து வைத்தது மாதிரி ஒட்டிக்கொள்ளும். மோட்டார் முனகும், தட்டு அசையாது.

அதனால்தான் மூன்று வருஷமாக அந்தக் கம்ப்யூட்டரை அவர் அணைத்ததே இல்லை. கரண்ட் போனால் தாங்க லாரி பேட்டரி ஒன்றைப் பக்கத்தில் கட்டி வைத்திருந்தார்.

அன்று இரவு வீட்டுக்கு வந்தவர் திரையைப் பார்க்காமல் சாப்பிட்டுப் படுத்தார். படித்தால் கோபம் கரைந்துவிடுமோ என்று பயம். இரண்டு நாள் போகட்டும் என்று நினைத்தார்.

மறுநாள் அவர் கடைப் பூஜை முடிந்து திரும்பியபோது, வீட்டில் தையல் மெஷின், அரிவாள்மணை, சைக்கிள் எல்லாவற்றுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்திருந்தது. கம்ப்யூட்டருக்கும் சாமந்திப்பூ மாலை. திரை இருட்டாக இருந்தது.

"தெருவுல எல்லா மெஷினுக்கும் இன்னிக்கு லீவு," என்றாள் சின்னத்தாயி. "அது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? தொடைச்சு, அணைச்சு, பொட்டு வெச்சேன்."

அப்பாதுரை ஸ்விட்ச் வரை கையைக் கொண்டுபோய் நிறுத்தினார். பூஜையில் வைத்த சாமானை விஜயதசமிவரை எடுக்கக் கூடாது. எடுக்கவில்லை.

விஜயதசமி காலை ஸ்விட்சைப் போட்டார். முனகல் மட்டும் வந்தது.

டிஸ்க்கைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப்போனார். இப்படி ஒட்டியவற்றை உள்ளங்கையில் படுக்க வைத்து, மணிக்கட்டால் சட்டென்று ஒரு திருப்பு திருப்பினால் முனை விட்டுக்கொடுக்கும். நூற்றுக்கணக்கில் செய்திருக்கிறார். அன்று டிஸ்க்கை உள்ளங்கையில் வைத்தபடியே நின்றார்.

"என்னய்யா, ஊரான் டிஸ்க்குன்னா சப்பாத்தி மாதிரி திருப்புவே. இது உன்னோடதுன்னா பச்சக்குழந்தையா?" என்றார் கஸ்தூரிரங்கன்.

திருப்பினார். தட்டு சுழன்றது. திரையில் பட்டியல் வந்தது. கடைசியில் APPA என்று ஒரு கோப்பு, 1914 எழுத்து. ஒரு பக்கத்துக்குச் சற்று அதிகம். திறக்கப் போனபோது உள்ளே மணலை அரைப்பது போலச் சத்தம். முனை பிய்ந்து, தட்டைச் சீவிக்கொண்டிருந்தது.

கஸ்தூரிரங்கன் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார். பிறகு, "போகட்டும் விடப்பா," என்றார். "பொண்ணு போன் பண்ணுவா. என்ன எழுதினேன்னு கேட்டுக்கோ."

வீணா அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டு டோரதி டீச்சரின் போனுக்குக் கூப்பிட்டாள். அதற்குள் டிஸ்க் போன சங்கதி சின்னத்தாயிக்குத் தெரிந்துவிட்டது. மூன்று நாளாக, "நான்தானே அணைச்சேன், நான்தானே அணைச்சேன்" என்று அடுப்படியில் அழுதுகொண்டிருந்தாள். அவளைத் தேற்ற வழி தெரியாமல், "அட, அதுக்கு முன்னாடியே நான் படிச்சுட்டேன்டி," என்று சொல்லி வைத்திருந்தார் அப்பாதுரை. இப்போது அவள் ரிசீவர் பக்கம் காதைச் சாய்த்தபடி அவரை ஒட்டி நின்றாள்.

"அப்பா, படிச்சீங்களா?"

அவர் ரிசீவர் ஒயரை விரலில் சுற்றினார்.

"அங்க மீட்டர் ஓடுது, அப்பாதுரை! ஊமையா நிக்கவா போன் குடுத்தேன்?" என்றார் டோரதி.

"படிச்சேன்மா."

"என்ன சொல்றீங்க?"

மனைவியின் முகத்தைப் பார்த்தார். "எல்லாம் சரிதான். உடம்பப் பாத்துக்கோ."

"சரிப்பா," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள் வீணா.

அந்தப் பேச்சை அவள் பிறகு எடுக்கவே இல்லை. அவராலும் கேட்க முடியவில்லை. படித்தேன் என்று சொன்னவர் என்னவென்று கேட்பார்? 1914 எழுத்தில் ஒரு மகள் எதையெல்லாம் சொல்ல முடியும் என்று பஸ்ஸில் போகும்போது யோசிப்பார். வசை என்றால் சீக்கிரம் தீர்ந்துவிடும். மன்னிப்பு என்றால் இன்னும் சீக்கிரம். அதற்குமேல் மனம் ஓடாது.

வீணா அங்கேயே ஒருவரைக் கட்டிக்கொண்டாள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வந்தாள், பெட்டியைப் பிரிக்காமலே திரும்பினாள். நிறுத்தும்போது முனையைத் தட்டுக்கு வெளியே ஒதுக்கி வைக்கிற புது டிஸ்க்குகள் வந்தன. திருப்பு வேலைக்கு ஆள் வருவது நின்றது. 2005-இல் சின்னத்தாயி, சர்க்கரை முற்றி, பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து போனாள்.

அடுத்த வருஷம், அவளுடைய திதிக்கு மறுநாள், கடையின் மெயிலுக்கு அப்பாதுரை பெயரில் ஒரு கடிதம் வந்தது. கஸ்தூரிரங்கன் நாற்காலியை விட்டு எழுந்து அவருக்கு இடம் கொடுத்தார்.

"அப்பா, அம்மா இருக்கிறவரைக்கும் இதைக் கேட்க வேண்டாம்னு இருந்தேன். எனக்குக் குடுத்தது ரிட்டர்ன் டிக்கெட். ஒரு மாசம் செல்லும். எனக்குப் பயமா இருக்கு, நீங்க வான்னு ஒரு வார்த்தை சொன்னா அடுத்த ஃப்ளைட்ல வந்துடறேன்னுதான் அன்னைக்கு எழுதியிருந்தேன். நீங்க சரிதான்னு சொன்னீங்க. போனை வெச்சதும் டிக்கெட்டைக் கிழிச்சுட்டேன். இப்ப கோபம் எதுவும் இல்லப்பா. படிச்சுட்டுதான் அப்படிச் சொன்னீங்களான்னு மட்டும் எழுதுங்க."