பிழியும் கை

என் அத்தையை ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் எல்லோரும் ‘மிஷின்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பழ முதிர்ச்சிச் சோதனை நிலையத்தில் சாறு பிழிவது அவள் வேலை.

ஒரு காலத்தில் சீசன் தொடங்கும்போதே காயும் கனியுமாகப் பறித்துச் சந்தையில் கொட்டினார்களாம். வாங்கியவர்கள் முகம் சுளித்துப்போய், பின்னால் வந்த நல்ல பழத்தையும் தொடவில்லையாம். அதனால் அரசாங்கம் சட்டம் போட்டது. பறிப்பதற்கு முன் தோட்டத்தின் மாதிரிப் பழங்கள் சோதனைக்கு வர வேண்டும். பழத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்காவது சாறு இருக்க வேண்டும். அந்தச் சாற்றில் புளிப்பைப்போல எட்டு மடங்கு இனிப்பு இருக்க வேண்டும். எது குறைந்தாலும் ஒரு வாரத்துக்குப் பறிக்கும் கத்தரிக்கோலைத் தொடக்கூடாது.

அத்தையின் அறையில் நீளமான கல்மேஜை, தராசு, நடுவில் கூம்பு வைத்த கண்ணாடிக் கிண்ணங்கள், சக்கை போட ஒரு வாளி. பழத்தைக் குறுக்கே வெட்டி, கூம்பின்மேல் கவிழ்த்து, அழுத்தித் திருகுவாள். அவள் பிழிந்த சக்கை காகிதம் மாதிரி விழும். “மிஷின் கை பட்டா ஈக்குக்கூட ஒண்ணும் மிஞ்சாது” என்பது அங்கே பழைய கேலி. வருஷங்கள் ஓடியும் தினக்கூலிதான். விரலிடுக்கெல்லாம் சாற்றின் புளிப்பில் வெடித்திருக்கும். உப்பு எடுக்கும்போது ஒரு கணம் கண்ணை மூடிக்கொள்வாள். மாமா இறந்த பிறகு எங்கள் வீட்டுப் பின்னறையில்தான் இருந்தாள். அப்பாவுக்கு ஒரே தங்கை.

இந்த வருஷம் அப்பா ஒரு தோட்டத்தின் காய்ப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். பெரிய தோட்டங்களின் சரக்கு அடுத்த வாரம் வந்து இறங்கினால் விலை படுத்துவிடும். அதற்குள் ஒரு பறிப்பாவது பறித்தாக வேண்டும். ஆனால் சீசன் தொடங்கியதிலிருந்தே ஒவ்வொரு தோட்டமாக, சாறு போதவில்லை என்று திரும்பிக்கொண்டிருந்தது. மழை சரியில்லை என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அப்பாவின் பழமும் திரும்பியது.

“இனிப்பு பாஸாம், புளிப்பு பாஸாம், சாறு மட்டும் ஃபெயிலாம். இனிச்ச பழத்துல சாறு எங்க போகும்? கோவிச்சுக்கிட்டு வெளிய போயிடுச்சா?” என்று அப்பா கத்தினார்.

“மழை இல்லைங்கறாங்கல்ல” என்றாள் அம்மா.

“நான்தான் தண்ணி பாய்ச்சினேனே!”

அத்தை பின்னறை வாசலில் நின்றிருந்தாள். “ஒரு வாரம் பொறுத்துக்கோ அண்ணே. பழமும் இன்னும் கொஞ்சம் கனியட்டும்.”

“பழம் கனியும். நான் அழுகிடுவேன்.”

சொல்லிவிட்டு அப்பா அவளைத் தாண்டிப் பின்கட்டைப் பார்த்தார். கொடியில் அத்தையின் துணிகள் சொட்டிக்கொண்டிருந்தன. அவள் துணியைப் பிழியாமலே போட்டுவிடுகிறாள், தரையெல்லாம் வழுக்குகிறது என்று அம்மா சில மாதங்களாகவே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அப்பா கொஞ்ச நேரம் கொடியையே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீ படிச்சவதானே. மறுபடி சோதிக்கச் சொல்ல அந்தச் சட்டத்துல வழி இருக்கா, பாரு.”

பார்த்தேன். இருந்தது. தோட்டக்காரர் கேட்டால், மீதமிருக்கும் மாதிரிப் பழங்களை அவர் கண்முன்னால் மறுபடி சோதிக்க வேண்டும். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. எங்கள் வீட்டில் என் படிப்பு முதல்தடவையாக எதற்கோ உதவியது.

மறுநாள் சோதனை அறையில் அதிகாரி எங்களுக்கு நாற்காலி போடச் சொன்னார். நல்ல மனிதர், லஞ்சத்துக்குக் கைநீட்டாதவர். “பக்கத்துலயே நின்னு பாருங்க. இங்க ஒளிவுமறைவு எதுவும் இல்ல” என்றார்.

அத்தை எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. பழத்தை வெட்டிக் கவிழ்த்து, தோளைச் சாய்த்து அழுத்தினாள். கட்டைவிரல் மட்டும் மடங்காமல், வேறு யாருடையதோ போல விறைத்து நின்றது. சக்கை வாளியில் ‘தொப்’பென்று விழுந்தது.

அப்பா குனிந்து அதை எடுத்தார். காலிக் கிண்ணம் ஒன்றின்மேல் பிடித்துத் தன் கையால் பிழிந்தார். சாறு ஒழுகியது. இன்னொன்றை எடுத்தார். அதிலிருந்தும் ஒழுகியது.

“என்னம்மா இது?” என்றார் அதிகாரி.

“கட்டைவிரல் மடங்க மாட்டேங்குது சார்.”

“எப்பலேருந்து?”

“சீசனுக்கு முன்னாடியே.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா, நாளைலேருந்து வரவேண்டாம்பீங்க.”

அவர் இல்லையென்று சொல்லவில்லை. காவல்காரரைக் கூப்பிட்டுப் பிழியச் சொன்னார். அப்பாவின் பழம் தேறியது.

“இதுக்கு முன்னாடி திருப்பி அனுப்பின தோட்டங்கள் சார்?” என்று கேட்டேன்.

“அந்தப் பழங்கள் இப்ப இல்லையேம்மா. அன்னிக்கே கேட்டிருந்தா மறுசோதனை செஞ்சிருப்போம். யாரும் கேக்கல.”

கேட்கலாம் என்று அவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

வெளித் தாழ்வாரத்தில், இரண்டு தடவை திருப்பி அனுப்பப்பட்ட தோட்டக்காரர் ஒருவர் ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். அத்தை வெளியே வந்ததும், “மிஷின் ரிப்பேருன்னு ஒரு போர்டாவது மாட்டியிருக்கலாமே தாயி” என்றார். அங்கே யாரும் சிரிக்கவில்லை. அத்தை படியிறங்கினாள். அப்பா வண்டியைக் கிளப்பி என்னிடம் “ஏறு” என்றார். அத்தை நடந்துதான் வந்தாள்.

“தெரிஞ்சேதான் மறுசோதனை கேட்டீங்களா?” என்று அன்று அப்பாவிடம் கேட்டேன்.

“ஊர்ப் பழத்தையெல்லாம் சக்கைன்னு சொன்னது அவளா, நானா?”

சட்டத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். ‘சக்கை உலரும்வரை கையால் பிழிய வேண்டும்’ என்று இருக்கிறது. பழத்துக்கு அளவு சொல்லியிருக்கிறது, சாற்றுக்குச் சொல்லியிருக்கிறது. கையைப் பற்றி ஒரு சொல் இல்லை. அத்தை ஏமாற்றியது உண்மை. அவளை வீட்டில் தனியாகக் கூப்பிட்டு, “கை என்னாச்சு?” என்று அப்பா ஒரு தடவைகூடக் கேட்காததும் உண்மை. தினமும் அவள் துணி சொட்டிய ஈரத்தில் காலை வைத்து நடந்த நானும் கேட்கவில்லை.

நிலையத்துக்கு நிஜமாகவே ஒரு பிழியும் இயந்திரம் வந்துவிட்டது. அத்தை வீட்டில்தான் இருக்கிறாள். முதல் பறிப்பிலிருந்து அப்பா ஒரு கூடைப் பழம் கொண்டுவந்து, அவள் முன்னால் வைத்துவிட்டு முன்னறைக்குப் போனார்.

அத்தை ஒரு பழத்தை எடுத்துக் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். “உரிச்சுக் குடுடி.”

உரித்துக் கொடுத்தேன். ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டாள். ஒரு கண் தானாகச் சுருங்கியது.

“இன்னும் ஒரு வாரம் மரத்துல இருந்திருக்கணும்” என்றாள்.

நானும் ஒரு சுளை தின்று பார்த்தேன். புளித்தது. முன்னறையில் அப்பாவுக்கும் அவள் சொன்னது கேட்டிருக்கும்.