மூடி கழற்றிய பிராசஸரும் நாலு மடிப்பு ஜரிகையும்

2005 கோடையில் என் கம்ப்யூட்டர் தினமும் மதியம் சூடேறித் தானாக அணைந்தது. அணைந்த நேரத்தையும் அப்போதிருந்த சூட்டையும் நோட்டில் எழுதிவந்தேன். ஆரணியில் பட்டுச்சேலை பார்டர்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து, தறிக்கு வேண்டிய ஜக்கார்டு அட்டைகளைக் குத்திக் கொடுப்பது என் தொழில். அந்த வாரம் ஒரு கல்யாணச் சேலைக்கு அன்ன பார்டர் முடித்தாக வேண்டும். அட்டைக்காக ஒரு நெசவாளியின் தறி காத்துக் கிடந்தது.

பிராசஸரின் மேலிருக்கும் உலோக மூடியை எடுத்துவிட்டால் சூடு குறையும் என்று பிரௌசிங் சென்டரில் படித்துவிட்டு வந்தவன் என் மனைவியின் தம்பி. ஜரிகைக் கடை வைத்திருக்கிறான். நானும் இரண்டு நாள் படித்துப் பார்த்தேன். மூடியை எடுத்தது நான்தான். பிளேடு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே போகாதபடி அதில் டேப் சுற்றி, நான்கு பக்கமும் அறுத்து, முக்கால் மணி நேரத்தில் ஒரு கீறல் இல்லாமல் எடுத்தேன்.

ஆனால் மூடி போனதும், சூட்டை இழுக்கும் அலுமினியக் கட்டி உள்ளேயிருந்த சிலிக்கான் சில்லைத் தொடவில்லை. மூடியின் கனத்துக்கு இடைவெளி விழுந்தது. கட்டியைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டத்தை அந்த அளவுக்கு இழைக்க வேண்டும். மறுநாள் வந்தவாசியில் துக்க வீடு, போகாமல் முடியாது. "வந்து இழைக்கிறேன். அதுவரைக்கும் கை வைக்காதே" என்று அவனிடம் இரண்டு முறை சொன்னேன்.

மாலை திரும்பியபோது வீட்டில் கருகல் நாற்றம்.

"ஒரு நிமிஷம் நல்லா ஓடிகினு இருந்திச்சி மாமா. அப்புறம் டப்புனு ஒரு சத்தம்."

"இன்னா பண்ண?"

"சந்துல ஜரிகை வெச்சேன். அசல் ஜரிகை, நாலு மடிப்பு. வெள்ளிதான் சூட்டை நல்லா இழுக்கும்னு நீங்கதான படிச்சிக் காட்னீங்க?"

"ஜரிகைக்கு உள்ள இன்னா இருக்குது?"

கடையில் அவனே தினமும் ஜரிகையை உரசி, உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிவதைக் காட்டித்தான் அசல் என்று விற்கிறான். பட்டு சூட்டைக் கடத்தாது. பிரிந்த வெள்ளி இழைகள் சில்லைச் சுற்றியிருந்த உலோகப் புள்ளிகளை ஒன்றோடொன்று இணைத்துவிட்டன. பிராசஸரும் போயிற்று, போர்டும் போயிற்று.

நெசவாளி வந்தார். விஷயத்தையும், புது போர்டு வரப் பத்து நாளாகும் என்பதையும் கேட்டுவிட்டு, "கல்யாண ஊட்டுக்காரங்க காத்துகினு இருக்க மாட்டாங்க சார். வேற இடத்துல ரெடி அட்டை வாங்கிக்கிறேங்க" என்றார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மூன்று வாரம் வரைந்த அன்னங்கள் ஹார்ட் டிஸ்கில் பத்திரமாக இருந்தன. எந்தத் தறியிலும் ஏறவில்லை. அந்த நெசவாளியும் அதன்பின் என்னிடம் வரவில்லை.

"உடுங்க மாமா, ஒரு பார்டர்தான?" என்றான் மைத்துனன். வெளியே போடா என்றேன். என் மனைவி குறுக்கே வந்தாள், அவளையும் திட்டினேன்.

அவன் இன்றுவரை ஒரு வார்த்தை வருத்தம் சொன்னதில்லை. உறவுக்காரர் விசேஷங்களில், பந்தியில் உட்கார்ந்து, மாமாவோட கம்ப்யூட்டருக்கு ஜரிகை கட்டின கதை என்று சொல்லிச் சிரிக்க வைக்கிறான். பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுகிறேன்.