காணாமல் போன வேர்நுனி

பல் பிடுங்கும் நாற்காலியில் சாய்ந்த பிறகும் குழாய் வேலைக்காரர் தன் கருவிப் பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

"கீழ வைங்க ஐயா."

"இருக்கட்டும்மா. நீ உன் கொறடு வச்சிருக்க, நான் என் கொறடு வச்சிருக்கேன். சரிக்குச் சரி."

முப்பது வருடமாக ஊரார் வீட்டு அடைப்பெடுப்பவர். தொட்டியில் நழுவிய மோதிரம், சாவி, ஒரு முறை ஒரு மாமியாரின் பல்செட்டு எல்லாவற்றையும் மீட்டவர். கழுவி நீட்டியபோது மருமகள் முகம்தான் வாடிப்போனதாம். ஊசி போட்டு வாய் மரத்துப்போகும்வரை பேச்சு ஓயவில்லை.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பல் மருத்துவ இறுதியாண்டு அறுவைப் பயிற்சியில் நான் பிடுங்கும் ஏழாவது பல் இது. கீழ்க் கடைவாய்ப் பல், இரண்டு வேர். பல் வந்தது, ஒரு வேரின் நுனி உடைந்து குழிக்குள்ளேயே நின்றுவிட்டது. நெம்பினேன். அசைந்தது. வடிந்த ரத்தத்தை உறிஞ்சு குழாயால் எடுத்துவிட்டுப் பார்த்தால் குழி காலி.

தட்டில் இல்லை. நாக்கடியில் இல்லை. உறிஞ்சு குழாயின் ஜாடியைக் கவிழ்த்துப் பார்த்தேன், அதிலும் இல்லை.

துண்டுகளை ஒட்டவைத்து முழுப் பல்லும் கணக்குக்கு வந்தால்தான் நோயாளியை அனுப்புவோம். வராவிட்டால் நுரையீரலுக்குள் போயிருக்கலாம்.

"இருமினாரா?" மேற்பார்வை மேடம் கேட்டார்.

"இல்ல மேடம்."

"இருமாமலும் உள்ள போகும். நெஞ்சுக்கு எக்ஸ்ரே எழுது."

சீட்டை எடுத்து எழுதினேன். பேச்சுக்காரரின் நெஞ்சில் பல்லைப் போட்டுவிட்டேனா? இந்தப் படிப்புக்கு நான் லாயக்குத்தானா?

அப்போது பஞ்சைக் கடித்திருந்த வாயோடு "ம்ம்! ம்ம்!" என்றார் அவர். மூச்சு அடைக்கிறதோ என்று எனக்கு உயிரே போனது. அவரோ இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு, உறிஞ்சு குழாயைக் காட்டிக் காற்றில் விரலால் 'ட' போட்டார்.

வளைவு! நாற்காலியருகே குழாய் திரும்பும் மூட்டு. கையுறைக் கையால் திருகினேன், அசையவில்லை. அவர் பைக்குள் கைவிட்டுத் தன் கொறடை நீட்டினார்.

மூட்டு கழன்றது. ரத்தக்கட்டியோடு அரிசி அளவில் வேர்நுனி.

மேடம் அதைப் பல்லில் பொருத்திப் பார்த்தார். மயிரிழைகூட இடைவெளி இல்லை. "எக்ஸ்ரே வேணாம்" என்று சீட்டைக் கிழித்தார். நான் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் பஞ்சை ஒதுக்கினார். "வளைவுலதாம்மா எல்லாம் உக்காரும். அந்த மாமியார் பல்லும்..."

"பேசாதீங்க ஐயா. அரை மணி நேரம் கடிச்சுக்கிட்டு இருக்கணும்."

என் குரல் நடுங்கவில்லை. அவர் உடனே வாயை மூடிக்கொண்டார். கொறடை மருந்து போட்டுக் கழுவி, துடைத்து, இரண்டு கையாலும் கொடுத்தேன்.