வருடம் தப்பி வந்த பேருந்து

மருத்துவமனையில் கிழிந்த படுக்கை விரிப்பு, பொத்தான் போன அங்கி, ஓரம் பிரிந்த பச்சைத் துணி எதுவானாலும் கடைசியில் அவளுடைய தையல் இயந்திரத்துக்குத்தான் வந்து சேரும். டாக்டர்கள் முதல் வண்டி தள்ளுபவர்கள் வரை எல்லோருக்கும் அவள் தையலக்கா. பக்கத்துச் சலவைக்கூடத்திலிருந்து வரும் ஆவியில் அந்தத் துணி அறை வருடம் பூராவும் புழுங்கும். அந்தப் புழுக்கத்திலேயே அவளுக்குத் தலை நரைத்தது.

கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். மகன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகிய நாட்களில், ஒரு காய்ச்சல் வந்து அவரைக் கொண்டுபோய்விட்டது. வீட்டில் அவர் படம் என்று மிஞ்சியது ஒன்றே ஒன்று, கல்யாணத்தன்று ஸ்டுடியோவில் எடுத்தது. "அசையாதீங்க" என்று படம் எடுத்தவர் மிரட்டிய மிரட்டலில், வகுப்புக்கு வெளியே நிறுத்தி வைத்த மாணவனைப் போல விறைத்துக்கொண்டு நிற்பார். மகனுக்குத் தெரிந்த அப்பா அந்த விறைத்த ஆள்தான்.

மகன் வளர்ந்து ஒரு வாகன உதிரிபாகக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். பகலெல்லாம் விளக்கும் கண்ணாடியும் கிளட்சுத் தட்டும் எடுத்துக் கொடுப்பான். மாலையில் தொலைக்காட்சித் தொடர்களில் தப்புக் கண்டுபிடிப்பான். இணையத்தில் 'நொட்டைக் கண்' என்று ஒரு பக்கம் வைத்திருந்தான். ராஜா வாளை உயர்த்தும்போது புஜத்தில் அம்மைத் தடுப்பூசித் தழும்பு. மின்சாரமே வராத காலத்து வீட்டில் சுவரோரம் பிளக் பாயிண்ட். இரண்டு கோடை கடந்தும் பிள்ளை பெறாத கர்ப்பிணி. செத்துப்போன மாமனாரின் வயிறு ஏறி இறங்குகிறது. இதையெல்லாம் படம் பிடித்து, சிவப்பு வட்டம் போட்டு வெளியிடுவான். சிரிக்க ஒரு கூட்டமே இருந்தது.

"இப்படி எல்லாத்துலயும் நொட்டை பார்த்தா உனக்கு எந்தப் பொண்ணுடா கழுத்தை நீட்டுவா?" என்பாள் அம்மா. ஆனால் ஆஸ்பத்திரிக் காட்சி வந்துவிட்டால் அவளும் விடமாட்டாள். "ஆபரேஷன் தியேட்டர்ல எவன்டா பூப்போட்ட விரிப்பு விரிப்பான்? எழுதுடா இதை."

அந்த வருடம் ஒரு பழைய காலத்துத் தொடர் தினமும் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் இருவரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதாநாயகி வீட்டை விட்டு ஓடிவந்து சாலையோரம் நின்றாள். அவளுக்கு முன்னால் ஒரு பேருந்து கடந்து போனது.

"மாட்டினாங்க!" என்று மகன் துள்ளினான். "அந்த ஹெட்லைட்டைப் பாரும்மா! இந்த மாடல் வர்றதுக்கு இன்னும் பத்துப் பதினைஞ்சு வருஷம் இருக்கு."

அம்மா ஹெட்லைட்டைப் பார்க்கவில்லை. சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. ஓட்டுநர் இருக்கையில், முழங்கையை ஜன்னலுக்கு வெளியே விட்டு, தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு ஒருவர் போனார். கண்ணிமைக்கும் நேரம்தான். அதற்குள் கதாநாயகி அழ ஆரம்பித்திருந்தாள்.

கண் மங்கிப்போச்சு, வேறென்ன, என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். வாய்விட்டுச் சொன்னால் அது அவர் இல்லை என்று ஆகிவிடுமோ என்று பயம். ஞாயிற்றுக்கிழமை அந்த வாரத்துப் பகுதிகளை எல்லாம் சேர்த்து மறுபடி போடுவார்கள். அதுவரை பொறுத்திருந்தாள். மற்ற நாட்களில் நேராக ஓடும் அவள் தையல் அந்த வாரம் கோணிக்கொண்டு போயிற்று. பிரித்துப் பிரித்துத் தைத்தாள்.

ஞாயிறன்று முதலிலேயே வந்து உட்கார்ந்துவிட்டாள். கதாநாயகி ஓடிவந்தாள், சாலையோரம் நின்றாள், அழுதாள். பேருந்து வரவே இல்லை.

"தூக்கிட்டாங்க பாத்தியா!" மகனுக்குப் பெருமை பிடிபடவில்லை. "என் பதிவைப் பாத்துட்டுத்தான்மா. ஊரே சிரிச்சுது. இணையத்துல இருந்ததுலயும் வெட்டிட்டாங்க."

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். மகன் பின்னாலேயே வந்தான்.

"என்னம்மா ஆச்சு?"

"அதுல உங்கப்பா இருந்தார்டா."

அவனுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் அவசரமாகக் கைபேசியை எடுத்து, தான் பிடித்த படத்தைத் தேடினான். ஹெட்லைட் இருந்தது. முகப்புக் கம்பி வரிசை இருந்தது. அவற்றைச் சுற்றி அவன் போட்ட சிவப்பு வட்டம் இருந்தது. அதற்கு மேலே இருந்ததையெல்லாம் அவனே கத்தரித்து எறிந்திருந்தான்.

"வண்டியோட மூஞ்சியைத்தான் பாத்தேன்" என்றான். "ஓட்டினவர் மூஞ்சியைப் பாக்கலை."

"நீ எங்கடா அவரைப் பாத்திருக்க, அடையாளம் தெரிய" என்றாள் அம்மா. ஆறுதலாகத்தான் சொன்னாள். அவனுக்கு அது சுருக்கென்று தைத்தது.

மறுநாள் இருவரும் விடுப்பு எடுத்துக்கொண்டு, அந்தத் தொடரைத் தயாரிக்கும் அலுவலகத்தைத் தேடிப் போனார்கள். குளியலறை ஓடுகள் விற்கும் கடை ஒன்றின் மாடியில் இருந்தது. வரவேற்பில் இருந்த பெண் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அம்மா வேஷமா, மாமியார் வேஷமா? போட்டோ கொண்டு வந்திருக்கீங்களா?"

"நான் நிஜ அம்மாதாங்க. படத்தை வெட்டி ஒட்டுவாங்களே, அவங்களைப் பாக்கணும்."

அப்படித்தான் எடிட்டரின் அறைக்குப் போனார்கள். ஐஸ் பெட்டி போலக் குளிர்ந்த அந்த அறையில் ஒரு பெண் கம்பளிச் சால்வை போர்த்திக்கொண்டு மூன்று திரைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். மகன் தயங்கித் தயங்கித் தான் யார் என்று சொன்னதும் நாற்காலியைத் திருப்பினாள்.

"நீங்கதானா அந்த நொட்டைக் கண்ணு? உங்களால நான் வாங்கின திட்டு கொஞ்சமா நஞ்சமா! பஸ் காட்சி எடுக்க வசதி இல்லன்னு கம்பெனிக்காரங்கதான் பழைய படத்துல இருந்து போடச் சொன்னாங்க. மாட்டிக்கிட்டது நான்."

மகன் தலையைக் குனிந்துகொண்டான். அம்மா ஓரடி முன்னால் வந்தாள்.

"அவன் மேல கோபப்படாதீங்கம்மா. அந்தத் தப்பை எனக்கு இன்னொரு தடவை காட்டுங்க, போதும். அந்த வண்டியை ஓட்டினது என் வீட்டுக்காரர் மாதிரி இருந்துச்சு."

எடிட்டர் பக்கத்திலிருந்த நாற்காலியில் குவிந்து கிடந்த சாமான்களைத் தரையில் தள்ளிவிட்டு, "உக்காருங்க" என்றாள். நகரச் சாலைகளைப் பற்றி என்றோ எடுத்த ஒரு செய்திப்படத்திலிருந்து அந்தத் துண்டை எடுத்ததாகச் சொல்லிக்கொண்டே தேடினாள். "நான் கொஞ்சம்தான் போட்டேன். முழுசா இருக்கு. சத்தம் மட்டும் கிடையாது, ஊமைப்படம். ஹாரன் எல்லாம் நான் சேர்த்தது."

பேருந்து வந்தது. ஓரமாக நின்றது. கதவு திறந்து ஓட்டுநர் குதித்து இறங்கினார். தோளில் கிடந்த துண்டால் கழுத்தைத் துடைத்தார். படத்துக்கு வெளியிலிருந்து யாரோ என்னவோ சொல்லியிருக்க வேண்டும். தலையைப் பின்னால் சாய்த்து, வாய்கொள்ளாமல் சிரித்தார். மாட்டை முதுகில் தட்டுவது போல வண்டியை ஒரு தட்டுத் தட்டினார். இரண்டடி நடந்தவர், கேமரா தன்னைப் பார்ப்பதை அப்போதுதான் கவனித்தார். வெட்கம் வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தோடு முடிந்தது.

"அவரா?" என்றாள் எடிட்டர் மெதுவாக.

"அவரேதான்" என்றாள் அம்மா. "சிரிச்சா இப்படித்தான், ஊருக்கே பல்லு தெரியும்."

மகன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. விறைத்து நின்ற ஆள் நடந்துவிட்டார், சிரித்துவிட்டார், வெட்கப்பட்டும்விட்டார். பிறகு திரையின் மூலையில் இருந்த எழுத்தைப் படித்தான். படம் எடுத்த வருடம் போட்டிருந்தது. பழக்கதோஷத்தில் மனம் கணக்குப் போட்டுவிட்டது.

"அம்மா... இது உங்க கல்யாணத்துக்கு மூணு வருஷம் முன்னாடி."

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள்.

"அப்போ நான்னு ஒருத்தி இருக்கறதே அவருக்குத் தெரியாது" என்றாள். "இன்னொரு தடவை போடுங்கம்மா."

இந்த முறை வேறு விதமாகப் பார்த்தாள். முதல் முறை பார்த்தது அவளுடைய கணவரை. இப்போது திரையில் இருந்தவர் யாருக்கும் கணவர் இல்லை. அவளையோ மகனையோ அந்தக் காய்ச்சலையோ அறியாத ஓர் இளைஞர். மகனைவிட வயதில் சின்னவர். எதற்காகச் சிரித்தார், யார் சிரிக்க வைத்தது, எதுவும் அவளுக்குத் தெரியாது. அந்தச் சிரிப்பில் அவளுக்குப் பங்கே இல்லை.

"அந்த வருஷம் நான் எங்க அக்கா வீட்ல இருந்தேன்" என்றாள் யாரிடமோ சொல்வது போல. "நாலு தெரு தள்ளித்தான் அந்த பஸ் போகும். அதுல ஏறக்கூட ஏறியிருப்பேன். இவரோட நான் இருந்ததே நாலு வருஷம். இந்த மூணு வருஷமும் கிடைச்சிருந்தா..."

எடிட்டர் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கேட்காமலே மூன்றாவது முறையும் ஓடவிட்டாள். பிறகு அந்தத் துண்டை மகனின் கைபேசியில் ஏற்றிக்கொடுத்தாள்.

தொடரில் அந்தக் காட்சியைத் திரும்பச் சேர்க்க முடியுமா என்று மகன் தயாரிப்பாளருக்கு எழுதிக் கேட்டான். "தப்புன்னு சொன்னதே நீங்கதானே சார்?" என்று பதில் வந்தது. அவனால் மறுத்து எழுத முடியவில்லை. தொடரும் சில மாதங்களில் முடிந்துபோயிற்று. அவன் தன் பக்கத்தை மூடவில்லை. எப்போதும் போல நொட்டை பிடித்தான். ஆனால் சிவப்பு வட்டம் போடுவதற்கு முன்னால், ஓரத்தில் நிற்பவர்கள், கடந்து போகிறவர்கள் முகத்தையெல்லாம் ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் போட்டான்.

அம்மாவுக்கு அந்தத் துண்டைத் தொலைக்காட்சியில் பெரிதாகப் போட்டுக் காட்டுவான். ஒவ்வொரு முறையும் முடியும் இடத்தில் கேமராக்காரரைத் திட்டுவாள். "இன்னும் கொஞ்சம் எடுத்தா இவன் கை தேஞ்சா போயிடும்?"

ஒரு மாலை, பார்த்து முடித்த பிறகு மகன் கேட்டான். "அம்மா, அப்பா குரல் எப்படி இருக்கும்?"

"கரகரன்னு இருக்கும். என்னை 'இந்தா'ன்னுதான் கூப்பிடுவார். ஒரு மாதிரி இழுப்பார்."

"எப்படி இழுப்பார்? சொல்லிக் காட்டேன்."

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்தா" என்றாள். தலையை ஆட்டினாள். குரலை இறக்கி, "இந்தாஆ" என்றாள். அதுவும் சரியில்லை.

"காதுல அப்படியே இருக்குடா. வாயில வரமாட்டேங்குது."

மகன் கூச்சத்தோடு, தன் குரலில் சொல்லிப் பார்த்தான். "இந்தா."

அவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"இல்ல. இன்னும் கொஞ்சம் கனமா. நெஞ்சுக்குள்ள இருந்து."

அவன் மறுபடி சொன்னான். அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.

"கிட்ட வந்துட்டே" என்றாள். "இன்னொரு தடவை கூப்பிடு."