வெள்ளிமலையில் கேட்ட வெளிச்சக் கதை

காலை ஆறரைக்குக் கள்ளக்குறிச்சியில் வெள்ளிமலைப் பேருந்து ஏறினேன். உட்கார இடமில்லை. பையைத் தரையில் போட்டு அதன்மேல் குந்தினேன். முந்தின நாள் ஒரு டீயும் பன்னும்தான் சாப்பாடு; ஊர் ஊராகச் சுற்றுகிறவனுக்கு அது பழகிவிட்டது.

பக்கத்து இருக்கையில் காவேரி என்ற பெண். வெள்ளிமலைக்காரி, பெங்களூரில் ஆராய்ச்சி மாணவி. வெளிநாட்டில் இரண்டு வருட வேலை கிடைத்திருக்கிறதாம். மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். அம்மாவோ போனிலேயே மறுத்துவிட்டார்; நேரில் பேசிப் பார்க்கப் போகிறாள்.

“இன்னா வேலைம்மா?”

“ஒளியை ஒண்ணொண்ணா அனுப்புறதுங்க அண்ணா.”

“எதை ஒளிச்சு அனுப்புறீங்க?”

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். “எங்கம்மாவும் இதேதான் கேட்டாங்க. போலீசு தேடுற வேலையான்னு திட்டிட்டு போனை வச்சிட்டாங்க.”

“என்னாட்டம் ஆளுக்கு ஒளின்னா ஒளிஞ்சிக்கிறதுதான். வெளிச்சம்னு சொல்லிப் பாரு.”

கச்சிராயபாளையம் தாண்டி வளைவுகள் தொடங்கின. நடத்துநரின் டிக்கெட் மெஷினைக் காட்டி எனக்கு விளக்கினாள். குவாண்டம் புள்ளி என்பது கண்ணுக்குத் தெரியாத துளிப் பொருள். லேசரால் தட்டினால் ஒரே ஒரு ஒளித்துகளை விடும், பொத்தானை ஒருமுறை அழுத்தினால் ஒரு சீட்டு வருவதைப் போல. அதில் ரகசியச் செய்தி அனுப்பலாமாம். மனிதர்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள் என்று வியந்தேன்.

வெள்ளிமலையில் இறங்கியதும், சாப்பிட்டுப் போகலாம் என்று என்னையும் வீட்டுக்கு அழைத்தாள். அவள் அம்மா சாமை புடைத்துக்கொண்டிருந்தார்.

“ஒளிக்கிற வேலை இல்லம்மா, வெளிச்ச வேலை. பல்பு வெளிச்சம் நீ காட்டுல சாமை வெதை தெளிக்கிற மாதிரி. நடுவுல எவனாச்சும் ரெண்டு பொறுக்கினா தெரியாது. நான் ஒண்ணொண்ணா அனுப்புவேன். வழியில கை வச்சா மாட்டிக்குவான்.”

“ஒண்ணொண்ணா தெளிச்சா என்னிக்குடி முடியும்?”

“கண்ணு மூடித் தெறக்கறதுக்குள்ள லட்சக்கணக்குல போவும்மா.”

“அப்புறம் எதுக்கு அவ்ளோ தூரம்?”

“ஒரு புள்ளி விடுற வெளிச்சம் மாதிரியே இன்னொண்ணு விட மாட்டேங்குது. ரெண்டையும் ஒண்ணாட்டம் ஆக்கணும். அந்த மெஷினு அங்கதான் இருக்குது. ரொம்பக் குளிர்ல வைக்கணும்.”

“நம்ம மார்கழிக் குளிரு பத்தாதா?”

“அந்தக் குளிருக்கு முன்னாடி நம்ம மார்கழி அடுப்பங்கரைம்மா!”

அம்மா சிரித்துவிட்டார். முறத்தை இரண்டு தட்டு தட்டினார்.

“போயிட்டு வா. ஆனா ஊர்ல எவ கேட்டாலும் வெளிச்சம்னு சொல்லு. ஒளி கிளின்னு பேசிக்கினு திரியாத.”

காவேரி அங்கேயே நின்று போனில் பதில் அனுப்பினாள். எனக்கு ஒரு தட்டு சாமைச் சோறு கிடைத்தது.

இருட்டும் நேரம் மலை இறங்கினேன். பேருந்தின் முகப்பு விளக்கு வளைவுக்கு வளைவு மரங்களின்மேல் வெளிச்சத்தை வாரி இறைத்துக்கொண்டு போனது. எத்தனையோ மலைப்பாதையில் அதைப் பார்த்திருக்கிறேன். அன்றுதான் அதில் ஒன்றே ஒன்றைத் தனியே பிடிக்க முடியுமா என்று உற்றுப் பார்த்துக்கொண்டே வந்தேன்.