வாயால் சொன்னால்தான் நம்புவார்

கல்லூரியின் கணக்குப் பிரிவுக் கண்காணிப்பாளருக்கு ஒரு பழக்கம். எந்த மின்னஞ்சல் வந்தாலும் அச்செடுத்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். பிறகு அனுப்பியவரைத் தேடிப் போய், "இது நீங்க அனுப்பினதுதானே?" என்று முகத்துக்கு நேரே கேட்பார். ஆமாம் என்று வாயால் சொன்னால்தான் அடுத்த வேலை. கல்லூரியில் மாணவியாகச் சேர்ந்த காலத்திலிருந்தே, வெயிலென்றும் மழையென்றும் பாராமல் அவர் இப்படி முற்றத்தைக் கடந்து போவதை அவள் பார்த்திருக்கிறாள். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'நேர்ல சார்'.

படிப்பு முடிந்ததும் அதே கல்லூரியில் அவளுக்கு ஆராய்ச்சி உதவியாளர் வேலை கிடைத்தது. இணையப் பாதுகாப்பு ஆராய்ச்சிக்கு அரசு கொடுத்த நிதி. அலுவலகங்களில் இருப்பவர்கள் போலி மின்னஞ்சலுக்கு எப்படி ஏமாறுகிறார்கள் என்று கண்டறிய வேண்டும். அதற்காக அவளே போலிகளைத் தயாரித்துக் கல்லூரி ஊழியர்களுக்கு அனுப்ப வேண்டும்.

"அப்ப அரசாங்கமே சம்பளம் குடுத்து உன்னைப் பொய் சொல்ல வைக்குதா?" என்று அம்மா கேட்டாள்.

"பொய் இல்லம்மா, பரிசோதனை."

அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். சொன்ன பதில் அவளுக்கே சப்பென்று இருந்தது.

முதல் சோதனையில் அலுவலகமே மொத்தமாகக் கவிழ்ந்தது. பரிசுக் கூப்பன் என்றதும் நூலகர் கடவுச்சொல்லைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். கண்காணிப்பாளர் மட்டும் தாளோடு வந்து நின்றார். "நீ அனுப்பினதாம்மா?" அவள் சிரித்துவிட்டாள்.

திட்டத்தை நடத்தும் பேராசிரியருக்குச் சிரிப்பு வரவில்லை. "கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டா அது என்ன சோதனை? இனிமே யார் கேட்டாலும் ஆமான்னும் சொல்லாதே, இல்லைன்னும் சொல்லாதே" என்றார். அதுவே விதியானது.

அடுத்து, கண்காணிப்பாளருக்கென்றே ஒன்றைத் தயாரிக்கச் சொன்னார். அமைச்சகத்தின் முத்திரை, கோப்பு எண், 'அடுத்த தவணை நிதிக்கு வங்கிக் கணக்கை உறுதிசெய்யவும்' என்ற வாசகம். கண்காணிப்பாளர் வந்து கேட்டபோது அவள் கையை விரித்தாள். நிதி நின்றுபோனால் பழி தன் தலையில் விழுமே என்ற பயத்தில் அவர் அதிலிருந்த இணைப்பை அழுத்தினார். திரை சிவந்து, 'நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள்' என்றது.

பக்கத்து மேசைத் தட்டச்சர் எட்டிப் பார்த்து, "நேர்ல சார் நேராப் போய்க் குழியில விழுந்துட்டாரு" என்றார். அறையே சிரித்தது.

அதன்பின் தேநீர் நேரத்தில் அவள் வந்து உட்கார்ந்தால், அவர் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போவார். "என்னைக் கவுக்கறதுக்குன்னே ரூம் போட்டு யோசிக்கிறியாம்மா?" என்று ஒருமுறை கேட்டார்.

சில மாதங்கள் கழித்து மறுபடியும் தாளோடு வந்தார். அதே முத்திரை, ஏறக்குறைய அதே வாசகம். அதிலிருந்த தொலைபேசி எண்ணை அவர் நம்பவில்லை. அவரிடமிருந்த அமைச்சகத்தின் பழைய எண்ணில் யாரும் எடுக்கவில்லை.

அதை அவள் அனுப்பவில்லை. ஆனால் பேராசிரியர் சில சமயம் அவளிடமும் சொல்லாமல் அனுப்புவதுண்டு. அவரைக் கேட்கலாமென்றால் வெளிநாட்டு மாநாட்டில் இருந்தார். தான் விதியை மீறுகிறாளா என்று பார்க்கத்தான் இதை அனுப்பியிருக்கிறாரோ என்று அவளுக்கே சந்தேகம் தட்டியது.

"நீதானே?"

"சொல்லக் கூடாது சார்."

"இது நிஜமா இருந்தா உன் சம்பளமும்தான் போயிடும். யோசிச்சுச் சொல்லு."

"தெரியும் சார். இருந்தாலும் சொல்லக் கூடாது."

"ரெண்டாவது தடவையும் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்க விடமாட்டேன்" என்று அவர் தாளைக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டுப் போனார்.

அது நிஜம். பதில் அனுப்பக் கொடுத்த கெடு தாண்டியதும் நிதி வேறு கல்லூரிக்குப் போய்விட்டது.

கல்லூரி முதல்வர் அறையில் விசாரணை நடந்தது. "இந்தப் பொண்ணு, தான் அனுப்பினதுன்னு சொல்லுச்சு" என்றார் கண்காணிப்பாளர்.

"நான் அப்படிச் சொல்லல சார்."

"பின்ன என்ன சொன்னே?" என்று முதல்வர் கேட்டார்.

அவள் விதியைச் சொன்னாள். வெளிநாட்டிலிருந்து திரும்பியிருந்த பேராசிரியரை முதல்வர் பார்த்தார். பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். 'அலுவலரைத் தவறாக வழிநடத்தினார்' என்ற குறிப்போடு அந்த மாதக் கடைசியில் அவளை அனுப்பிவிட்டார்கள்.

கிளம்பும் நாளில் மாடிப்படியில் கண்காணிப்பாளரை மறித்தாள். "நான் என்ன சொன்னேன்னு உங்களுக்குத் தெரியும் சார்."

"நீ அனுப்பலைன்னா, இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே? சொல்லக் கூடாதுன்னா வேற என்ன அர்த்தம்?"

"அதையே அங்க சொல்லியிருக்கலாமே சார். சொல்லக் கூடாதுன்னுதான் நான் சொன்னேன்னு."

அவர் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். அவருக்கு ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஓய்வூதியக் கோப்பு முதல்வர் மேசையில் கிடந்தது.

"சரிம்மா. முதல்வர்கிட்ட நானே பேசறேன். இருந்ததை இருந்தபடி சொல்லிடறேன்."

அவர் ஓய்வு பெற்றுப் போனார், மாலை போட்டுத்தான் அனுப்பினார்கள். அவள் போகிற நேர்காணல்களிலெல்லாம் அந்தக் குறிப்பைப் பற்றிக் கேட்கிறார்கள். அவர் பயந்துவிட்டாரா, அன்று அவள் சொன்னதற்கு ஆமாம் என்றுதான் அர்த்தம் என்று மனதார நம்புகிறாரா, அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. முதல்வரிடம் அவர் இன்னும் பேசவில்லை.